கூலருக்குள் மூன்று குட்டிகள்

ஏப்ரல் வந்தாலே எனக்குக் கோபமும் வந்துவிடும். டில்லியில் அது கூலர் திறக்கும் மாதம். ஜன்னலுக்கு வெளியே இரும்புத் தாங்கியில் ஆறு மாதமாகத் துணி போர்த்திக் கிடந்த தகரப் பெட்டிகளை எல்லோரும் ஒரே வாரத்தில் திறக்கிறார்கள். தண்ணீரில் ஊறிக் காற்றைக் குளிர்விப்பதற்காகப் பக்கத் தட்டிகளில் அடைத்திருந்த பழைய புல்லை உருவிக் கீழே எறிகிறார்கள். அந்தப் புல்லுக்குள் அணில் குடியிருக்கும் என்பது மட்டும், வருடா வருடம், ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

நான் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் கீழ்வீட்டுக்காரி. ஆபீஸ் நேரம் போக, அடிபட்ட உயிர்களைத் தூக்கிப் போகும் தொண்டர்களில் ஒருத்தி. வாசலில் நாலு எட்டு நீளத்துக்கு ஒரு தோட்டம். எலுமிச்சை, கறிவேப்பிலை, நொச்சி. உதிர்ந்த இலையைக் கூட்டுவதில்லை, மருந்து அடிப்பதில்லை, மண் சட்டியில் தண்ணீர் எப்போதும் உண்டு. காலனிச் சங்கத்தார் அதைக் குப்பை என்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம். அந்தக் கர்வத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அணில் விஷயத்தில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. கண் திறக்காத குட்டி கூட்டைவிட்டு விழுந்தால், அதை வெதுவெதுப்பான பெட்டியில் போட்டு விழுந்த இடத்திலேயே வைத்துவிட்டு மனிதர்கள் விலகிவிடவேண்டும். தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும். எத்தனையோ பேருக்குப் போனில் இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அலுத்து, சில சமயம் கத்தியும் இருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டாம் மாடி அக்கா கூப்பிட்டார். திருநெல்வேலிக்காரர். டில்லிக்கு வந்து முப்பது வருடமாகியும் பேச்சில் ஊர் அப்படியே இருக்கிறது.

“ஏளா, சீக்கிரம் மேல வா. கூலருக்குள்ள மூணு எலிக்குட்டி கெடக்கு. உன் கேசுதான்.”

போய்ப் பார்த்தேன். எலி இல்லை. கட்டைவிரல் அளவு, ரோஜா நிறம், முதுகில் பென்சிலால் மெல்ல இழுத்ததுபோல ஐந்து கோடுகள். நம்மூர் அணிலுக்கு மூன்று, டில்லி அணிலுக்கு ஐந்து. கூலர் மெக்கானிக் புதுப் புல்லைக் கையில் வைத்துக்கொண்டு, “ஜல்தி கரோ மேடம், இன்னும் நாலு வீடு இருக்கு” என்று இந்தியில் அவசரப்படுத்தினான்.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? அவனை அனுப்பிவிட்டுப் பெட்டியை அங்கேயே வைத்திருக்கவேண்டும். என்ன செய்தேன்? செருப்புப் பெட்டியில் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வைத்து, குட்டிகளை அதன்மேல் கிடத்தி, கீழே என் தோட்டத்துக்குத் தூக்கி வந்தேன். இந்தச் செக்டாரில் அணிலுக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று நினைத்தேன். தாய்க்கும் அது தெரிந்திருக்கும் என்றே நினைத்துவிட்டேன் போல.

எலுமிச்சை அடியில் பெட்டி. ஜன்னலுக்குப் பின்னால் நான். நான்கு மணி. நான்கரை. வேறு அணில்கள் வந்தன, தண்ணீர் குடித்தன, போயின. ஐந்து மணிக்கு மறுபடி போன்.

“ஏளா, கூலர் மேல ஒரு அணிலு நின்னு கத்திட்டே கெடக்கு. காதே போச்சு. அதுக்கு என்ன வேணுமாம்?”

அதற்கு என்ன வேண்டுமோ அது என் எலுமிச்சை அடியில் இருந்தது.

பெட்டியோடு மாடிக்கு ஓடினேன். கூலர் இரைந்துகொண்டிருந்தது. தாய் அந்த இரைச்சலுக்குப் பயந்து தண்ணீர்க் குழாயில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, கூலரை நிறுத்தணும்.”

“இப்பந்தாம்ளா போட்டேன். அண்ணன் சட்டையக் கழட்டிட்டு அது முன்னால உக்காந்திருக்காவ.”

“அது குட்டிங்கள எடுத்துட்டுப் போற வரைக்கும்தான்க்கா.”

“அப்பவே இங்க வச்சிருக்கலாம்லா? நீதான தூக்கிட்டுப் போன?”

பெட்டியை ஜன்னல் வழியே கூலர்மேல் வைத்தேன். உள்ளேயிருந்து அவர் கணவர் குரல் வந்தது. “நாயைத் தூக்கிட்டுப் போன, பூனையைத் தூக்கிட்டுப் போன. இப்ப காத்தையும் தூக்கிட்டுப் போறியேம்மா.” சொல்லிவிட்டு அவரே எழுந்து ஸ்விட்சை அணைத்தார்.

திரைக்குப் பின்னால் மூவரும் வியர்த்து வழிந்து நின்றோம். தாய் இறங்கியது. பெட்டிக்குள் தலையை விட்டு முதல் குட்டியைக் கவ்வியது. குட்டி சுருண்டு அதன் கழுத்தோடு ஒட்டிக்கொள்ள, குழாய் வழியே இறங்கி வேப்பமரப் பொந்துக்கு ஓடியது. வெகுநேரம் கழித்து இரண்டாவதுக்கு வந்தது. மலை மந்திர் முருகன் கோயில் பக்கமிருந்து மணிச்சத்தம் கேட்டபோது வெளிச்சம் வற்றிக்கொண்டிருந்தது. அணில் இருட்டில் நடமாடாது. மூன்றாவதுக்கு அது வரவில்லை.

இரண்டு மணி நேரம். நான் தோட்டத்தில் வீணாக்கிய அதே இரண்டு மணி நேரம்.

குட்டியை என் வீட்டில் கதகதப்பாக வைத்திருந்து விடியும்போது மறுபடி மாடி ஏறினேன். கூலர் ஓடவில்லை. நிறுத்தச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

“ராத்திரி பூரா போடல,” என்றார் அக்கா, விசிறியும் கையுமாக. “விடியுமுன்ன வந்துட்டுப் பயந்து போயிரக்கூடாதுல்லா.”

பத்து மணி வரை காத்திருந்தோம். தாய் வேப்பமரத்தில் ஓடியது தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு போதும் என்று கணக்கை முடித்துக்கொண்டதோ என்னவோ.

பிறகு வேறு வழியில்லை. பால்மாவு கரைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து நானே வளர்த்தேன். பிழைத்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். பாராட்டக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இப்போது ஜூலை. அணில் தோட்டத்தில் இருக்கிறது. மனிதர் யாரைக் கண்டாலும் ஓடி வந்து கால்வழியே தோளுக்கு ஏறுகிறது. நாயைப் பார்த்து நிற்கிறது. மதில்மேல் உட்காரும் சாம்பல் பூனையைத் தலை சாய்த்து வேடிக்கை பார்க்கிறது. பயம் என்பது தாய் கற்றுத்தரும் பாடம். அதை என்னால் பாலில் கரைத்துக் கொடுக்க முடியவில்லை.

ஆகவே தினமும் காலையில் குவளைத் தண்ணீரோடு நிற்கிறேன். என்னை நோக்கி வந்தால் வீசுகிறேன். கைதட்டி விரட்டுகிறேன்.

“நீயே வளத்துட்டு நீயே வெரட்டுதியே, பாவமில்லையாளா?” என்கிறார் மாடியிலிருந்து அக்கா.

அது நனைந்த உடம்போடு எலுமிச்சைக் கிளைவரை ஓடி, நின்று, உதறிக்கொண்டு, மறுபடி என்னிடமே வருகிறது. மதில்மேல் பூனை உட்கார்ந்திருக்கிறது. நான் குவளையை மறுபடி நிரப்புகிறேன்.