வாய்க்குள் நின்ற வரி

பெண்கள் பக்கத்தில் பசாமுக்கு வரி எடுத்துக் கொடுப்பது பன்னிரண்டு வருடமாக நான்தான். பெரிய வெள்ளிக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் தொடங்கினால் பின்னேரங்களில் எங்கள் கோயிலில் ஆண்டவருடைய பாடுகளை ராகம் போட்டுப் பாடுவோம், அதுதான் பசாம். ஒருத்தி வரியை எடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். நாள் முழுக்கக் கருவாட்டு வாடியில் மீன் கீறி உப்புப் போட்டுவிட்டு, குளித்து வெள்ளைச் சீலை உடுத்து முன்வரிசையில் போய் முழந்தாளிட்டால் நான் வேறு ஆள். எங்கள் தீவில் எனக்கு இருந்த ஒரே பதவி அது.

தம்பி அக்கரையில் முருங்கனிலிருந்து பெண் எடுத்தான். வயல்காரர் வீட்டுப் பிள்ளை. சூடை மீனுக்கும் கீரி மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. வந்த முதல் தபசு காலத்திலேயே அவள் வாயைத் திறந்தாள், முழுக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. குரல் நல்ல குரல்தான், அதுதானே பிரச்சினை.

அடுத்த வருடம் கோயில் மூப்பர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இந்த முறை பெரிய வெள்ளிக்குத் தம்பியின்ர பெண்சாதி எடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில இருந்து பாத்துக்கொள்ளுங்கோ."

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

பக்கத்தில் இருப்பதற்கும் ஒரு கடமை உண்டு. பசாம் இடையில் நிற்கக்கூடாது. எடுப்பவள் தடுமாறினால், பக்கத்தில் இருப்பவள் உடனே அடுத்த வரியை எடுக்கவேண்டும். நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளானுக்கு நான் காவல்.

தலையான பாவங்கள் ஏழில் காய்மகாரம் என்கிற பொறாமையும் ஒன்று என்று சின்ன வயதில் புதுநன்மை வாங்கும்போதே படித்தவள் நான். தன் கையே தனக்குதவி என்று நானே அதை விரட்ட இறங்கினேன். வெள்ளிக்கிழமை மட்டும் பிடித்த ஒருசந்தி விரதத்தைப் புதனுக்கும் நீட்டினேன். பொழுதுபடும்வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முற்றத்து மணலில் முழந்தாளில் நின்று செபமாலை சொன்னேன். பலன்? ஒரு புதன்கிழமை மத்தியானம் அவள் வீட்டு அடுப்பு புகைவதைக் கண்டேன். தின்கிறவளுக்கு அந்தக் குரல், பட்டினி கிடக்கிற எனக்கு இந்தக் குரலா என்று ஆண்டவரிடமே வழக்கு வைத்தேன். அவள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அது தெரிந்துதான் வழக்கு வைத்தேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் எல்லாப் பாவத்தையும் கொட்டினேன். சுவாமி என்னைவிட வயதில் இளையவர்.

"உங்கட பெலத்தில சண்டை பிடிக்காதேங்கோ. எனக்கு ஏலாது எண்டு ஆண்டவரிட்டச் சொல்லுங்கோ," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. புருசன் கடலுக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பிய நாளிலும் ஏலாது என்று ஒருவரிடமும் சொல்லாதவள் நான். சொல்லாமலே எழுந்து வந்தேன்.

பெரிய வெள்ளி வந்தது. அன்று கோயில் மணி அடிக்கக்கூடாது, கட்டை தட்டித்தான் சனத்தைக் கூப்பிட்டார்கள். அவள் பாடினாள். கிழவிகள் விம்மினார்கள். என் காலத்தில் அவர்கள் இருமினது மட்டும்தான் எனக்கு ஞாபகம். பாட்டில் மாதாவும் மகனும் சிலுவைப் பாதையில் சந்திக்கிற இடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நின்றாள். அடுத்த வரி அவளுக்கு வரவில்லை.

எனக்குத் தெரியும். நித்திரையிலும் சொல்லுவேன். வாயைத் திறக்கவில்லை.

மூப்பர் ஆண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தது. இனித்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை, உண்மையாகவே இனித்தது.

அந்த இனிப்பில்தான் நான் பயந்தேன். சிலுவையில் அவர் தொங்குகிறார், நான் கீழே இருந்து சந்தோஷப்படுகிறேன். இப்போது வாயைத் திறக்கப் பார்த்தேன், முடியவில்லை. இத்தனை புதன் வெள்ளிப் பட்டினியும் முழந்தாள் காய்ப்பும் ஒரு உதட்டை அசைக்கப் போதவில்லை. அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஆண்டவரே, எனக்கு ஏலாது. நீரே எடும்," என்று மனதுக்குள் சொன்னேன்.

வரி வந்தது. காகம் கரைகிற குரலில் வந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள், மற்றவர்கள் சேர்ந்தார்கள், பசாம் முடிந்தது.

வெளியே வந்ததும் சனம் என்னைப் புகழ்ந்தது. அவள் சனத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"மச்சாள், நீங்கள் எடுக்காட்டி நான் அதிலயே விழுந்திருப்பன்."

அன்று பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை.

"எடுக்கக்கூடாது எண்டுதான் நான் இருந்தனான்," என்றேன்.

"தெரியும். உங்கட முகத்தைப் பாத்தனான்."

"பாத்திட்டு?"

"வரியைத் தேடுறதை விட்டிட்டு உங்களுக்காகச் செபிச்சனான். மச்சாளுக்குப் பெலன் குடும் ஆண்டவரே எண்டு."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே யோசனை. என் வாயைத் திறந்தது என் செபமா, அவளுடையதா? பட்டினி கிடந்தது நான். மணலில் முழந்தாளிட்டது நான். முதலில் கேட்டதோ அவள். நினைத்த உடனே மறுபடியும் வயிறு எரிந்தது.

இந்த முறை ஒருசந்தி ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை. தெருவில் நின்றபடியே, "இதுவும் எனக்கு ஏலாது," என்று ஆண்டவரிடம் சொன்னேன்.