முதலாளியின் வாட்சும் கொதிநீர் அக்காவும்

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொதிநீர் அக்கா என்று பெயர். கோபம் வந்தால் கொதிப்பாள் என்பதால் பாதி, இருபத்திரண்டு வருஷமாக ஆவியோடும் வெந்நீரோடும் குடித்தனம் நடத்துகிறாள் என்பதால் மீதி. ஆபரேஷன் முடிந்து வரும் கத்தரி, இடுக்கி, கத்திப்பிடி எல்லாம் முதலில் அவள் கைக்குத்தான் வரும். கருவிகள் கழுவும் அந்த அறையில் அவள் வைத்ததுதான் சட்டம், அந்தச் சட்டமும் ஒன்றே ஒன்றுதான்: திறக்கக்கூடியது எதுவானாலும் திறந்துவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும். கத்தரியை மூடியபடி தொட்டியில் போட்டவளை அவள் லேசில் விட்டதில்லை. "மூடி வச்சுக் கழுவறதுக்கு எதுக்குடி கழுவணும்? உள்ள இருக்கற ரத்தத்தை உங்கப்பனா வந்து எடுப்பான்?" என்று கூரை அதிரக் கத்துவாள். திட்டு வாங்கியவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள். அவள் கழுவி அனுப்பிய கருவித் தட்டு ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்தது கிடையாது.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. அவனைப் பற்றி யாராவது விசாரித்தால், "அவனா? உருப்படாதவன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். பொய் சொன்னாள் என்றும் சொல்ல முடியாது. மூன்று இடத்தில் வேலை பார்த்தான், மூன்றும் போயிற்று. முதல் இடத்தில் மேனேஜர் சரியில்லை. இரண்டாவது இடத்தில் கூட இருந்தவன் போட்டுக்கொடுத்துவிட்டான். மூன்றாவது இடத்தில் வண்டியே சரியில்லையாம். தப்பு அவன் பக்கம் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். "ஒரு வருஷம் ஒரே இடத்துல நிலைச்சு வேலை பாருங்க, வர்றேன்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகுதான் இந்த முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தான். பதினோரு மாதம் ஓடிவிட்டது. இன்னும் ஒரே மாதம், அதற்குள் இந்தச் சனியன் பிடித்த வாட்ச் வந்து சேர்ந்தது.

அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. பதினொரு மணி இருக்கும், துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி யூனிஃபார்மோடு உள்ளே வந்தான், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கைக்குட்டையில் சுற்றியிருந்ததை மேஜைமேல் வைத்துப் பிரித்தான்.

"என்னடா இது?"

"முதலாளியோட வாட்ச். விலையைச் சொன்னா உனக்குச் சோறு இறங்காது. தொடுறதுக்கு முன்னாடி கையைக் கழுவு."

"கையைக் கழுவச் சொல்லி எனக்கே பாடம் எடுக்கறியா? ஆளைப் பாரு!"

விஷயம் இதுதான். முதலாளி மதியம் விமானம் பிடித்து வெளிநாடு போகிறார். போகிற இடத்தில் பெரிய மனுஷர்களைப் பார்க்க வேண்டுமாம், இந்த வாட்ச் கையில் இருக்க வேண்டுமாம். ஆனால் பட்டையில் வியர்வையும் கிரீமும் சேர்ந்து பிசுபிசுத்து நாற்றமடிக்கிறது. கடையில் கொடுத்துக் கழுவி வாங்கிக்கொண்டு ஒன்றரை மணிக்குள் வா என்று காலையில் சொன்னார், இவனும் தலையாட்டிவிட்டு வந்தான். கடைக்காரன் மூன்று நாள் ஆகும் என்று கைவிரித்துவிட்டான்.

"அதைப் போய் அவர்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, 'ஒரு வாட்சைக் கழுவி வாங்க உனக்குத் துப்பில்லையா'ன்னு கேப்பாருக்கா. நீதான் அத்தனை கத்தியையும் கத்தரியையும் பளபளன்னு கழுவறியே. இது எம்மாத்திரம்? தண்ணி போகாத வாட்சு. இதைக் கட்டிக்கிட்டுத்தான் அவர் நீச்சலே அடிக்கறார்."

புகழ்ந்தால் யாருக்குத்தான் உச்சி குளிராது? அவள் துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஏதாவது கழன்று விழுந்து போய்விடாமல் சமையலறைத் தொட்டியின் ஓட்டையை அடைத்தாள். கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டாள். பிரிக்காத புது டூத்பிரஷ் ஒன்றை எடுத்து வந்தாள், குழந்தைகளுக்கு விற்கிற மெத்தென்ற பிரஷ். மேஜையில் வெள்ளைத் துண்டை விரித்தாள். தம்பி எதிரே நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

முதலில் பட்டையின் கொக்கியைத் திறந்தாள். அதன் மடிப்புக்குள் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். "ச்சீ! இவ்வளவு பணம் இருந்து என்ன? அழுக்கு எல்லாருக்கும் ஒரே நிறம்தான்." பிறகு வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இன்னும் எங்கே திறக்கும் என்று. பக்கவாட்டில் சாவி கொடுக்கிற குமிழ் இருந்தது. இரண்டு விரலால் பிடித்துத் திருகினாள். சுற்றுச் சுற்றாகக் கழன்று வந்து சட்டென்று வெளியே எழும்பி நின்றது. அதன் கீழே மறையில் கறுப்பாய் ஒரு கோடு அழுக்கு! அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இந்த மாதிரி ஒளிந்திருக்கிற அழுக்கைக் கண்டுபிடிப்பதில்தானே அவள் காலமெல்லாம் பேர் வாங்கியிருக்கிறாள். தம்பி அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் போய் முதலாளியின் போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் குமிழைத் திறந்தபடியே விட்டு, வாட்சை முழுசாகக் கிண்ணத்தில் அமிழ்த்தினாள்.

கால் மணி நேரம் தேய்த்தாள். பட்டையின் ஒவ்வொரு கண்ணியாக மடக்கி, பிரஷ்ஷை நுழைத்து, தண்ணீர் மாற்றி, மறுபடி தேய்த்தாள். துடைத்து, குமிழைத் திருகி மூடி, துண்டின் மேல் வைத்தபோது அது கடையில் இருக்கிற புது வாட்சைப் போல மின்னியது. தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீ தெய்வம்" என்றான். அவள் "போடா" என்றாள், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு பேரும் டீ குடித்தார்கள். மணி பன்னிரண்டரை.

டம்ளரைக் கழுவிவிட்டு வந்தவள்தான் முதலில் பார்த்தாள். வாட்சின் கண்ணாடியில், நாலு என்ற இடத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு வெள்ளைப் படலம். விரலால் துடைத்தாள், போகவில்லை. துண்டால் அழுத்தித் துடைத்தாள், அப்படியேதான் இருந்தது. கண்ணாடிக்கு உள்ளே இருப்பதை வெளியே துடைத்தால் எப்படிப் போகும்?

"டேய், இங்க வா. இதென்ன பாரு."

அவன் பார்த்தான். "அக்கா, இந்தக் குமிழை இறுக்கி மூடிட்டுத்தானே கழுவினே?"

"திறந்துட்டுத்தான் கழுவினேன். திறக்காம எப்படிக் கழுவறது?"

"ஐயோ! அதை மூடி இருந்தாத்தான்க்கா தண்ணி போகாது. அதுதான் பூட்டு. பூட்டைத் திறந்து வச்சுட்டுத் தண்ணியில முக்கியிருக்கியே!"

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், அது போய்ச் சறுக்கிய இடம் பார்த்தீர்களா! அடுத்த வீட்டில் முடி உலர்த்தும் மெஷினை வாங்கி வந்து காட்டினாள். சூடு பட்டதும் படலம் மெல்ல மறைந்தது. தம்பி பெருமூச்சு விட்டான். மெஷினை அணைத்து ஐந்து நிமிஷம் ஆனதும் அது திரும்ப வந்தது, முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக. அரிசி டப்பாவுக்குள் புதைத்துப் பார்த்தார்கள். எடுத்தபோது நாலிலிருந்து ஆறு வரைக்கும் பனி இறங்கியிருந்தது. மணி ஒன்று.

"மறுபடி சூடு காட்டி, அது ஆறறதுக்குள்ள குடுத்துடறேன்" என்றான் தம்பி. "பாக்கும்போது தெளிவா இருக்கும். விமானத்துல போய்த்தான் கவனிப்பார். அங்க மழை, குளிருன்னு நினைச்சுக்குவார்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கறியா? உள்ள தண்ணி நிக்குதுடா. அவர் திரும்பி வர்றதுக்குள்ள துருப்பிடிச்சு மொத்தமும் போயிடும். நான் வர்றேன். நான்தான் செஞ்சேன்னு நானே சொல்றேன்."

"அது இன்னும் மோசம்க்கா!" அவன் குரல் உடைந்தது. "வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே அவர் சொன்னது ஒண்ணுதான். 'என் பொருளை வேற யார் கையிலயும் குடுக்கக் கூடாது.' நான் கழுவிக் கெடுத்தேன்னா கத்துவார், அவ்வளவுதான். உன்கிட்டக் குடுத்தேன்னு தெரிஞ்சா இன்னியோட சரி. நான் கழுவினதாவே இருக்கட்டும். நீ வரவே வேண்டாம்."

பிறந்ததிலிருந்து இவன் வாயில் 'நான்தான்' என்ற சொல்லை அவள் கேட்டதே இல்லை. அதைக் கேட்டபோது சந்தோஷப்படக்கூட நேரமில்லாமல் போய்விட்டது. வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியமே பிடித்துவிடும் என்று தோன்றவே செருப்பை மாட்டிக்கொண்டாள். வாயைத் திறப்பதில்லை என்று அவன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் அவன் அவளை அழைத்துப் போனான்.

முதலாளி வீட்டு முன்னறையில் பெட்டிகள் தயாராக நின்றன. முதலாளி கோட்டுப் போட்டுக்கொண்டு, இடது கையில் வாட்ச் கட்டும் இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்து யார் என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

"எங்கக்கா, சார்" என்றான் தம்பி. பிறகு கைக்குட்டையை நீட்டினான். "சார், கடையில மூணு நாள் ஆகும்னுட்டான். நானே வீட்டுல கழுவினேன். குமிழை மூடாம விட்டுட்டேன். உள்ள தண்ணி போயிடுச்சு. என் தப்புதான் சார்."

முதலாளி வாட்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இப்போது பாதிக் கண்ணாடி மூடியிருந்தது. அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் போன் பண்ணினப்பவாவது கடைக்காரன் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாதா நீ?"

அவன் வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"உனக்குத்தான் இந்த வேலை தெரியாதே, எதுக்கு இதுல கையை வச்சே? வண்டியில ஏறினா இறங்கற வரைக்கும் அக்கா புராணம்தான். 'எங்கக்கா கழுவினா டாக்டரே மறுபேச்சுப் பேசமாட்டார், எங்கக்கா மாதிரி சுத்தம் உலகத்துல கிடையாது'ன்னு பதினோரு மாசமா என் காதைத் தின்னுட்டே. அப்படிப்பட்ட அக்காவைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு, அவங்ககிட்டயாவது குடுத்திருக்கலாமில்ல? அவங்க ஒழுங்காச் செஞ்சிருப்பாங்களே!"

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். சும்மா இரு என்று அவன் கண் கெஞ்சியது. சத்தியமாவது மண்ணாவது, இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

"என்கிட்டதான் சார் குடுத்தான்" என்றாள். "நான்தான் கழுவினேன். எங்க வேலையில திறக்கற பொருளைத் திறந்துட்டுத்தான் கழுவுவோம். வாட்சையும் அப்படியே நினைச்சுத் திறந்து தண்ணியில போட்டுட்டேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் பொய் சொல்றான்."

முதலாளி தம்பியைப் பார்த்தார். "வேற யார் கையிலயும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார். மீறிக் குடுத்தது என் தப்பு. அவங்க நான் கேட்டதுக்காகத்தான் செஞ்சாங்க. அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

முதலாளி வாட்சைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்குத் தம்பி மனைவியின் முகம் கண்முன் வந்தது. அந்தப் பெண் வாசலைத் தாண்டி உள்ளே வரப்போகும் நேரத்தில், கதவைச் சாத்தியது நாம்தான் என்று நினைத்தாள்.

"வண்டியை எடு" என்றார் முதலாளி. "கடை வழியாப் போவோம், உடனே திறந்து காயவச்சா பிழைக்கும். நீங்களும் வாங்கம்மா. என்ன செஞ்சீங்கன்னு கடைக்காரன்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

அவள் முன் சீட்டில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் வண்டி ஓட்டி அவள் பார்த்ததில்லை. நெரிசலான சாலையில் ஒரு குலுக்கல் இல்லை, ஒரு வீண் ஹாரன் இல்லை. குறுக்கே ஓடிவந்த ஆளுக்காக நிறுத்தியபோதுகூடப் பின்னால் பெட்டி ஒன்றும் சரியவில்லை. இவ்வளவு அழகாக வேலை செய்வானா இவன்?

பின் சீட்டிலிருந்து முதலாளி சொன்னார்: "புதன்கிழமை காலையில ஆறு மணிக்கு ஏர்போர்ட்ல நில்லு. வாட்சைக் கடையிலேருந்து நீயே வாங்கி, நீயே கொண்டு வா. புரியுதா?"

"சரிங்க சார்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பதினோரு மாதமாக அவன் இந்த வண்டிக்குள் அவளைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தையாவது அவனைப் பற்றி அவள் யாரிடமாவது சொல்லியிருக்கிறாளா? வண்டியில் ஏதோ டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

"பெல்ட்டைப் போடுக்கா" என்றான் அவன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் இழுத்தாள். கண்ணை மறைத்த தண்ணீரில் கொக்கியை எங்கே மாட்டுவதென்று தெரியவில்லை. சிக்னலில் வண்டி நின்றதும் அவன் குனிந்து மாட்டிவிட்டான்.