ஆலம்பரைக் கரையில் வந்த போன்

என் கணவர் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் முதல் வேலையாக என்னைக் கூப்பிடுவார். சாப்பிட்டாயா, அங்கே மழையா, தலைவலி தேவலையா என்று ஆரம்பித்தால் போன் சூடாகும்வரை பேச்சுதான். தினமும் கூடவே இருக்கும் புருஷன்கள்கூட அவ்வளவு பேசமாட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

போன வருஷம் வேலையை விட்டுவிட்டுக் காஞ்சிபுரத்துக்கே வந்துவிட்டார். வந்ததிலிருந்து வாயில் கொழுக்கட்டை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும்தான் எங்கள் வீட்டில் கேட்கும். தை மாதம் பழைய கம்பெனி மறுபடி கூப்பிட்டது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அப்போதுதான் கோவளத்து நண்பர் ஒருவரின் பாய்மரப் படகில், கரையை ஒட்டியே புதுச்சேரி வரை போகலாமா என்றார். தண்ணீர் என்றால் தென்னேரி ஏரியோடு சரி நான். ஆனாலும் கிளம்பினேன். படகில் இரண்டே பேர், பேசாமல் எங்கே போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன்.

என் கணக்கு தப்பு. மாமல்லபுரம் வரை வாந்தியெடுத்தேன். தலையைப் பிடித்துக்கொண்டார், பாய் திரும்பும்போது "குனிஞ்சிக்கோ" என்றார். அவ்வளவுதான். கரையில் இறங்கி மீன் சாப்பிட்டபோது ஊர்க்கதையெல்லாம் சொன்னேன். "ம்" கொட்டினார்.

மறுநாள் சதுரங்கப்பட்டினத்தில் படகை மணலில் இழுத்து விட்டதும், பழக்க தோஷத்தில் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி நடந்தார். நாலடி போனவர் திரும்பி என்னைப் பார்த்தார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

அடுத்து ஆலம்பரை. அவர் கீழே கயிறு கட்டிக்கொண்டிருக்க, நான் இடிந்த கோட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து அவருடைய முதுகு தெரிந்தது. என்ன தோன்றியதோ, அவருக்குப் போன் செய்தேன்.

"சொல்லுமா," என்றார், திரும்பாமலே. "வெயில்லயா குந்திக்கினு இருக்கிற? தலைல துணிய போட்டுக்கோ. வயிறு இப்ப தேவலயா? அன்னிக்கு நீ வாந்தி எடுக்கசொல்லோ பயந்துட்டேன்மா."

என் பழைய புருஷன். எவ்வளவோ பேசினார். கடைசியில், "ஊட்ல எனக்கு எங்க நிக்கிறதுன்னே தெரியலமா," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"கம்பெனில கேட்டுக்கினே இருக்கறாங்க. இன்னா சொல்லட்டும்?"

வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வாந்தியெடுத்துக்கொண்டு வந்தேன். சொல்லிவிட்டால், கீழே இறங்கிப்போய் அந்தப் பேசாத மனுஷனோடு காலம் முழுக்க இருக்க வேண்டும். அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போய்ட்டு வாங்க," என்றேன்.

"சரிமா."

இரண்டு பேருமே போனை வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது.

பிறகு நான் இறங்கிப் போனேன். பக்கத்தில் போனதும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, படகில் ஏறக் கை கொடுத்தார். புதுச்சேரி வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.