ஏழாம் மாடியிலிருந்து விழுந்த குறிக்கண்ணாடி

என் மகள் என்னை "அம்மா" என்று கூப்பிட்டுப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. பேசாமல் இல்லை. "சாவி எங்கை?", "பால் முடிஞ்சுது", "நான் சாப்பிட்டிட்டன்" என்று தேவைக்குப் பேசுவாள், அதுவும் பாதி பிரெஞ்சில். அந்த ஒரு சொல்லை மட்டும் பேச்சிலிருந்து எடுத்துவிட்டாள். உப்பில்லாத கறி முதல் வாயிலேயே தெரிந்துவிடுவது போல எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

பிழை என்னுடையதுதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். பாரிசுக்கு வெளியே, கார்ஜ் என்ற ஊரில், ஏழாம் மாடி. நான் லா சப்பலில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவில், ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது, ஓர் அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குப் போய் எயார்சொஃப்ட் விளையாடுவாள். அது என்ன விளையாட்டு என்று எனக்கு விளங்கவே ஒரு வருடம் பிடித்தது. நிசத் துவக்கைப் போலவே இருக்கும் பொய்த் துவக்கால் சின்னப் பிளாஸ்டிக் உருண்டைகளை ஒருவர்மேல் ஒருவர் சுட்டு விளையாடுவார்கள். பட்டவர் கையை உயர்த்திவிட்டுத் தானாகவே வெளியே போய்விட வேண்டுமாம். சூடு பட்டவர் எழுந்து நடந்து போகிற விளையாட்டு என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

"என்னவும் செய். துவக்கு மட்டும் இந்த வாசலுக்குள்ளை வரக்கூடாது" என்று சொல்லியிருந்தேன். அவளும் மீறவில்லை. துவக்கைத் தோழி ஒருத்தியின் வீட்டில் வைத்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை, பற்றரி மாற்றுவதற்காக, துவக்கின் மேல் பூட்டுகிற குறிபார்க்கும் கண்ணாடியை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புக் குழாய், இரண்டு முனையிலும் கண்ணாடி. தன் முதல் சம்பளத்தில் வாங்கியதாம். பிரெஞ்சில் அதற்கு ஏதோ பெயர் சொன்னாள். நான் குறிக்கண்ணாடி என்றே வைத்துக்கொண்டேன்.

"இது துவக்கில்லைத்தானே, அம்மா?" என்று சிரித்தபடி கேட்டாள்.

"ஓம், இல்லை" என்றேன். அவள் வேலைக்குப் போனாள். எனக்கு அன்று விடுமுறை.

பின்னேரம் அழைப்பு மணி அடித்தது. கதவுத் துளையால் பார்த்தேன். கருநீலச் சீருடையில் இரண்டு பேர். சப்பாத்து, தொப்பி, கையில் ஏதோ கட்டு. அதற்குப் பிறகு நான் யோசித்துச் செய்தது எதுவும் இல்லை. மேசையில் கிடந்ததை எடுத்தேன். எங்கள் சமையலறைச் சுவரில் குப்பை போடுகிற குழாய் ஒன்று இருக்கிறது. இரும்பு மூடியைத் திறந்து போட்டால் ஏழு மாடியும் கடந்து நிலவறைத் தொட்டியில் போய் விழும். மூடியைத் திறந்தேன், போட்டேன், மூடினேன். அது மாடி மாடியாக முட்டிக்கொண்டு போன சத்தம் முடியும்வரை காத்திருந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

தீயணைப்புக்காரர்கள். அடுத்த வருடத்துக் கலண்டர் கொண்டுவந்திருந்தார்கள்.

வருட முடிவில் அவர்களும் தபால்காரரும் வீடு வீடாகக் கலண்டரோடு வருவது இந்த நாட்டு வழக்கம். கொடுக்கிறதைக் கொடுத்து வாங்கிக்கொள்வோம். இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள், ஒவ்வொரு வருடமும் நானே வாங்குகிறேன். இளையவன் என் கையைப் பார்த்துவிட்டு, "மதாம், சுகமில்லையா?" என்று கேட்டான். குளிர் என்றேன். அவர்கள் போனதும் செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடினேன். நிலவறைக் கதவு பூட்டியிருந்தது. கட்டடக் காவலாளி மறுநாள் காலையில்தான் வருவார், அதற்கு முன்பே குப்பை வண்டி வந்துவிடும். அந்தக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன்.

அதோடு விட்டிருந்தால் மன்னித்திருப்பாள். நான் விடவில்லை. அவள் வந்து, "மேசையிலை வைச்சது எங்கை?" என்று கேட்டபோது, வாய் கூசாமல், "நான் காணேல்லைப் பிள்ளை" என்றேன். அவள் தேடத் தொடங்கினாள். நானும் சேர்ந்து தேடினேன். சோபாவைப் புரட்டினோம். குளிர்பெட்டிக்குப் பின்னால் விளக்கடித்துப் பார்த்தோம். மூன்று நாள் முழங்காலில் ஊர்ந்து, எங்கே இல்லை என்று எனக்குத் தெரியுமோ அங்கேயெல்லாம் தேடினேன். மூன்றாம் நாள் அவள், "ஒருவேளை நான்தான் ரயிலிலை விட்டிட்டனோ, அம்மா?" என்று தன்னையே நொந்துகொண்டபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் குப்பைக் குழாய்க்குள்ளை போட்டனான்."

"ஏன்?"

"பயந்திட்டன்."

"ஆருக்கு?"

"கலண்டர் கொண்டுவந்த ஆக்களுக்கு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பிரெஞ்சில், மிக மெதுவாக, "மூன்று நாள் என்னோடு சேர்ந்து நீங்களும் தேடினீர்கள்" என்றாள். பிறகு, தை மாதம் தோழிகள் இருவருடன் வீடெடுத்துப் போகப்போவதாகச் சொன்னாள். "அம்மா" நின்றது அன்றைக்குத்தான்.

அவளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எனக்குப் பதினைந்து வயதில், ஊரில் சண்டை நடந்த நாட்களில், என் அண்ணையிடம் ஒரு பழைய பைனாகுலர் இருந்தது. கடலில் போகிற வள்ளங்களைப் பார்ப்பான். வேறு ஒன்றுக்கும் இல்லை. ஒரு காலை ஒழுங்கையில் சீருடைக்காரர்கள் வீடு வீடாகத் தேடி வருகிறார்கள் என்றதும் அம்மா அதை என் கையில் தந்து, "கிணத்துக்குள்ளை போடு" என்றார். எனக்கு நேரம் இருந்தது. கிணறு பத்தடி தூரம். அண்ணைக்கு உயிரான சாமான் என்று நினைத்து, போடாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். அவர்கள் பானையைத்தான் முதலில் கவிழ்த்தார்கள். பைனாகுலரையும் அண்ணையையும் கொண்டுபோனார்கள். அவன் வரவில்லை. இதை எந்த மொழியில், எந்தச் சாப்பாட்டுக்கு நடுவில், இங்கே பிறந்த பிள்ளைக்குச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. வருகிற ஞாயிறு வருடத்தின் கடைசி ஆட்டம் என்று அவள் தொலைபேசியில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கடை உடுப்போடேயே மெத்ரோ பிடித்து நாலு தரிப்புத் தள்ளி இருந்த எயார்சொஃப்ட் கடைக்குப் போனேன். சுவர் நிறையத் துவக்குகள். தரையைப் பார்த்தபடியே உள்ளே போனேன். தாடிக்காரர் ஒருவர், "மதாம், வழி தவறி வந்தீர்களா?" என்று மரியாதையாகவே கேட்டார். என் கையில் வெந்தயக்கீரை வாசம் இன்னும் போயிருக்கவில்லை.

கண்ணாடி அலுமாரியில் முழ நீளக் குழாய் ஒன்று கண்ணில் பட்டது. எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்று கேட்டேன். நான்கு மடங்கு என்றார். பக்கத்தில் இருந்தது ஒன்பது மடங்கு, விலையும் கொஞ்சம்தான் கூட. ஒன்பதையே தாருங்கள் என்றேன். சோற்றுப்பானையானாலும் தொலைக்காட்சியானாலும் அந்தக் காசுக்குள் பெரியதை எடுத்துத்தான் எங்கள் ஆட்களுக்குப் பழக்கம்.

அவர் சிரிக்காமல் தலையாட்டினார். இந்த உருண்டைகள் ஐம்பது மீற்றருக்கு மேல் உருப்படியாகப் போகாதாம். காட்டுக்குள் ஒன்பது மடங்கில் பார்த்தால் மரப்பட்டைதான் தெரியுமாம். வேண்டியது பெரிதாக்காத, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் காட்டுகிற கண்ணாடி. நிசத் துவக்குக்குச் செய்தவை அதிர்ச்சி தாங்கும், அதனால் நெருப்பு விலை. விளையாட்டுத் துவக்கு தோளில் உதைக்காது, ஆகவே நகலே போதும். ஆனால் அடிமட்ட நகல் வாங்கினால் வெயிலில் புள்ளி தெரியாது, ஒவ்வொரு ஆட்டத்திலும் திருகாணி கழன்று குறி மாறும். நடுத்தர விலையில் ஒன்றை எடுத்து வைத்தார். உருண்டை பட்டால் கண்ணாடி உடைந்துவிடும் என்று அதன் முன்னால் மாட்டப் பிளாஸ்டிக் மறைப்பு ஒன்றையும் வைத்தார்.

பிறகு கேள்விகள் தொடங்கின. "மகள் முழு முகமூடி போடுவாரா, கண்ணுக்கு மட்டுமா? முழுதென்றால் கண்ணாடியை உயரத் தூக்கிப் பூட்ட வேண்டும்."

தெரியாது.

"எந்தத் தோளில் வைத்துச் சுடுவார்?"

எனக்கு என்ன தெரியும்? அவள் போன வருடம் அனுப்பிய படம் ஒன்று தொலைபேசியில் இருந்தது. காட்டினேன். ஆறு பேர், ஆறு பேரும் ஒரே பச்சை உடுப்பு, ஆறு முழு முகமூடி.

"இதில் உங்கள் மகள் யார்?"

படத்தைப் பெரிதாக்கினேன். நெற்றி இல்லை, மூக்கு இல்லை, முடி இல்லை. நான் பெற்ற பிள்ளையை ஆறு பேருக்குள் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவேளை இப்படித்தான் போய்விடுவாளோ, நாளைக்குத் தெருவில் கண்டால்கூடத் தெரியாமல் என்று நினைத்து, வெட்கத்தைவிட்டு அந்த மனிதர் முன்னால் அழுதேன். அவர் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டார். உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். ஓரத்தில் நின்ற உருவம் ஒன்று, வலது பாதத்தை இடது பாதத்தின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு நின்றது. குளிர்பெட்டியைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்க்கும்போது அவள் நிற்கிற நிலை.

"இதுதான்!" என்று தமிழிலேயே கத்தினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "ஆ, இடக்கைக்காரர்."

"இல்லை, வலக்கை" என்றேன் உடனே.

அவர் விரலால் காட்டினார். துவக்கின் பிடங்கு அவளது இடது தோளில் இருந்தது.

இரண்டு வயதில் அவள் எல்லாவற்றுக்கும் இடது கையைத்தான் நீட்டினாள். கரண்டி, பென்சில், பிறத்தியார் தருகிற மிட்டாய். நான் ஒவ்வொரு முறையும் அந்தக் கையில் தட்டினேன். "சோத்துக்கையாலை சாப்பிடு, சோத்துக்கையாலை வாங்கு." பாலர் பள்ளி ஆசிரியை அப்படியே விடச் சொன்னார். அந்த மனுசிக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நாலு வயதில் என் மகள் வலக்கைக்காரியாகிவிட்டாள். அதை என் வெற்றிகளில் ஒன்றாகவே இவ்வளவு காலமும் வைத்திருந்தேன். முகத்தை மூடிக்கொண்டு, நான் வராத காட்டில்தான் அவள் தன் கையைத் திரும்ப எடுத்திருக்கிறாள்.

எடுத்து வைத்திருந்ததைக் கடைக்காரர் திருப்பி உள்ளே வைத்தார். அதன் திருகு இடது பக்கம் துருத்திக்கொண்டு நின்றது, இடது கன்னத்தை ஒட்டுகிறவருக்கு இடைஞ்சல் என்றார். பொத்தான் பின்பக்கம் இருந்த வேறொன்றையும் உயரமான அடித்தட்டையும் எடுத்தார். "இரண்டு கண்ணையும் திறந்தபடி பாருங்கள்" என்று என் கையில் தந்தார். குங்குமப் பொட்டை விடச் சின்னதாய் ஒரு சிவப்பு. சுவர்க் கடிகாரத்தில் போய் நின்றது. தலையை எப்படி அசைத்தாலும் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. அவசரமாகத் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசி விலை என்ன என்றும் கேட்டேன். பழக்கம் விடாது. அவர் இந்த முறை சிரித்துவிட்டு, விலையைக் குறைக்காமல் ஒரு பற்றரியைச் சும்மா போட்டார். எங்கள் கடையில் கொசுறாகப் பச்சைமிளகாய் கேட்பவர்களை இனி முறைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பெட்டியை மேசையில் பழையது இருந்த அதே இடத்தில் வைத்தேன். அவள் அறையிலிருந்து வந்தாள். பார்த்தாள். நின்றபடியே பிரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை ஆர் தெரிஞ்செடுத்தது?"

"நான்தான். இடக்கைக்குத் தோதானதெண்டு கேட்டு வாங்கினனான்."

அவள் நிமிர்ந்தாள். வாய் திறந்தது. நான் காத்திருந்தேன். சொல்லடி என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். வாய் மூடிக்கொண்டது. குறிக்கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, "மெர்சி" என்றாள். கடைக்காரருக்குச் சொல்கிற அதே வெறும் நன்றி. முடிந்தது, தையில் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அப்போது அழைப்பு மணி அடித்தது.

நான் கதவடிக்குப் போனதும் துளையால் பார்த்ததும் தெரியும். கருநீல மேலங்கி, தோளில் பை, நெஞ்சில் ஏதோ சின்னம். அடுத்து எனக்குத் தெரிந்தது குப்பைக் குழாயின் இரும்பு மூடியின் குளிர்தான். அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தேன். புதுக் குறிக்கண்ணாடி என் மற்றக் கையில் இருந்தது. எப்படி எடுத்தேன், எப்போது எடுத்தேன், ஒன்றும் தெரியாது. கை நடுங்கவில்லை. அதுதான் பயங்கரம், கை கொஞ்சமும் நடுங்கவில்லை. விரல்கள் விரியத் தொடங்கின.

என் மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முகத்தை அவள் வாழ்நாளில் கண்டதில்லை. கண்டிருக்கக் கூடாது என்றுதான் நான் இந்த நாட்டில் அவளைப் பெற்றேன்.

"அம்மா" என்றாள். "அம்மா, தபால்காரன். கலண்டர்தான்."

மறுபடி மணி அடித்தது. அவள் மூடியைத் தள்ளி மூடினாள். குறிக்கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கவில்லை, என் கையை விடவும் இல்லை. அப்படியே என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.