நாட்குறிப்பில் எழுதாத குளிசை

மன்னார் வெயிலில் வாழ்ந்தும், பகல் முழுவதும் கந்தோருக்குள் மேசை வேலையில் இருப்பதால் எனக்கு விற்றமின் டி குறைந்திருந்தது. வைத்தியர் சொன்னபடி வாரத்துக்கு ஒரு குளிசை வீதம் மூன்று மாதம் எடுத்தேன். ஒவ்வொன்றையும் நேரத்துடன் நாட்குறிப்பில் எழுதினேன். பிறகு செய்த இரத்தப் பரிசோதனையில் அளவு எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்று பயந்த வைத்தியர், குளிசையை உடனே நிறுத்தச் சொன்னார்.

"வாரத்துக்கு ஒண்டை, நாளுக்கு ஒண்டெண்டு போட்டிட்டியளோ?" என்று மனைவி அழாத குறையாகக் கேட்டாள். நாட்குறிப்பைக் காட்டினேன். அதில் ஒரு பிழையும் இல்லை.

மறுநாள் இருவரும் ஆய்வுகூடத்துக்குப் போனோம். பரிசோதனை செய்த இளம்பெண் கேட்டார்: "ஐயா, வேறை குளிசை ஏதும் போடுறியளோ? தலைமயிர் வளர?"

மகளின் கலியாணத்துக்கு முன் வழுக்கை மறையட்டும் என்று இரகசியமாக ஒன்றை விழுங்கி வந்தேன். வெட்கத்தில் அதை மட்டும் எழுதவில்லை.

"ஓம், பிள்ளை," என்றேன்.

அதில் பயோட்டின் என்ற விற்றமின் அதிகமாம். சில இயந்திரங்கள் விற்றமின் டியை அளக்கும்போது அது குறுக்கிட்டு, உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுமாம். வைத்தியரிடம் சொல்லி அதை நிறுத்தி, ஒரு வாரம் கழித்து மீண்டும் இரத்தம் கொடுத்தேன். அளவு சரியாகவே இருந்தது!

மனைவி வழியெல்லாம் சிரித்தாள். "ஒளிச்சு ஒளிச்சு விழுங்கினியளே, ஒரு முடியெண்டாலும் முளைச்சுதோ?"

இப்போது இரத்தம் கொடுக்கப் போகுமுன், விழுங்குகிற அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகிறேன். மனைவி வாசித்துக் கையொப்பமிட்ட பிறகுதான் அது வீட்டை விட்டு வெளியே போகும்.

– வாசகர் ஒருவர், கீரி, மன்னார்