தலையாட்டுகிற வேலை

எங்கள் அப்பாவுக்கு ஒரு வேலையும் ஒட்டாது. பேக்கரி, பார்சல் வண்டி, காஸ் ஸ்டேசன் என்று எல்லாவற்றிலும் ஏறி இறங்கியவர். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நகரத்தின் வடக்கே ஒரு யூதக் கோயிலில் செக்கியூரிட்டி வேலை கிடைத்தது. இதையாவது இந்த மனுசன் விட்டுப்போடக் கூடாது என்று அம்மா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தா.

சனிக்கிழமைகளில் அம்மாவுக்கும் வேலை. என்னைப் பார்த்துக்கொள்ளும் அன்ரிக்குக் காய்ச்சல் வந்த ஒரு சனிக்கிழமை, அப்பா மனேஜரிடம் கெஞ்சிக் கேட்டு என்னையும் கூட்டிப் போனார். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் மாதிரி, செருப்பைக் கழற்றிவிட்டு ஆரும் உள்ளே போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே வாசலுக்கு முன்னால் இடுப்பளவு சீமெந்துச் சாடிகள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் பூ இல்லை. கார் ஏறி வராமல் இருக்க வைத்தது என்றார் அப்பா. கார் ஏன் கோயிலுக்குள்ளே வரப்போகிறது என்று கேட்டேன். "பேசாமல் வா" என்றார்.

கதவு எந்நேரமும் பூட்டித்தான் இருந்தது. வேறெங்கோ ஒரு யூதக் கோயிலில் கும்பிட வந்தவர்களைச் சுட்டுப்போட்டார்களாம். அதற்குப் பிறகுதான் அப்பாவையும் எடுத்தார்களாம். ஆனால் சனிக்கிழமை அவர்களுடைய சமயத்தில் ஓய்வு நாள். போன், பேர்ஸ், கார்ட் ஒன்றும் கொண்டு வர மாட்டார்கள். மின்சார மணியையும் அமத்த மாட்டார்கள். பிறகு எதைப் பார்த்து ஆளை உள்ளே விடுவது? முகத்தைப் பார்த்துத்தான். அப்பா படியில் நிற்பார். தெரிந்த முகம் என்றால் தலையாட்டுவார். கண்ணாடிக்கு உள்ளே நின்ற பிலிப்பீன்ஸ் அன்ரி கதவைத் திறப்பா. அவவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு என்னை இருத்தியிருந்தார்கள்.

வீட்டில் அம்மா சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற அப்பாவுக்கு இங்கே இவ்வளவு அதிகாரமா! கோட்டுப் போட்ட பெரிய மனிதர்களெல்லாம் அந்தத் தலை அசையுமட்டும் காத்து நின்றார்கள். ஒரு வயதானவர் வந்தபோது அது அசையவே இல்லை. மொன்றியலிலிருந்து பேத்திக்குப் பெயர் வைக்க வந்தவராம். குளிரில் மூக்குச் சிவக்க நின்றார். உள்ளேயிருந்து மகன் ஓடிவந்து கட்டிப்பிடித்த பிறகுதான் அப்பா தலையாட்டினார். ஏச்சு விழப்போகிறது என்று நான் பயந்தேன். அவரோ அப்பாவின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் மோர்னிங்சைடில் பெரியம்மா வீட்டில் பிறந்தநாள். பெரியம்மா அம்மாவின் மூத்த அக்கா. கேக் வெட்டி முடிந்ததும் ஒரு அங்கிள், அப்பா இப்போது என்ன வேலை செய்கிறார் என்று என்னிடம் கேட்டார். இதைத்தானே நான் காலையிலிருந்து சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா இப்ப தலையாட்டி!" என்றேன், வீடே கேட்க.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அப்பா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பெரியம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

தலையாட்டி என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது வளர்ந்த பிறகுதான். ஊரில் சண்டைக் காலத்தில் ஆமி வந்து சனத்தைச் சுற்றி வளைத்து வரிசையில் நடத்துமாம். தலையில் சாக்குப் போட்ட ஒருத்தன் கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைத்துக்கொண்டு இருப்பானாம். அவன் ஆரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பெரியப்பாவையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவர் வரவே இல்லை. வரமாட்டார் என்று ஆரும் சொல்லவும் இல்லை. அதனால் அவருடைய படத்துக்கு மாலையும் இல்லை, பெரியம்மாவின் நெற்றியில் பொட்டும் அழியவில்லை.

அப்பா குசினி வாசலில் போய் நின்றார். "அக்கா, நான் நாளைக்கே உந்த வேலையை விடுறன்" என்றார். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தா. வாடகைக்கு அந்தச் சம்பளம்தான். ஆனாலும் அக்காவின் முகத்துக்கு முன்னால் வாடகையை எப்படிச் சொல்வது?

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தா. அப்பாவைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் குந்தி இருந்தா.

"கொப்பர் தலையாட்டினா என்ன நடக்கும்?"

"டோர் திறப்பினம். ஆக்கள் உள்ள போவினம்."

"போன ஆக்கள் திரும்பி வாறவையோ?"

"ஓம் பெரியம்மா. லஞ்ச் சாப்பிட்டுட்டு எல்லாரும் வீட்டை போவினம்."

"எல்லாருமோ?"

"எல்லாரும்தான்!"

பெரியம்மா என் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தா. பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "வேலையை விடாதையும் தம்பி, நல்லாப் பாத்துச் செய்யும்" என்றா. அம்மா திரும்பி நின்று அழுதா.

அன்றைக்கு எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பெரியம்மாவுக்கு விசரோ என்று நினைத்தேன். இதையும் ஒரு கேள்வி என்று கேட்பார்களா? கோயிலுக்குப் போன ஆட்கள் வீட்டுக்குத் திரும்பி வராமல் வேறெங்கே போவார்கள்?