அம்மாவின் வெங்காயக் கொடி

சின்ன வயதில் கோள் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்ட எனக்கே ஒருமுறை மூக்குடைந்தது, அதுவும் ஒரு வெங்காயத்தால்.

உண்மையில் அது வெங்காயமே இல்லை. எண்பதுகளின் கடைசியில், லண்டன் டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேலிருந்த எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு மாமா அதைக் கொண்டுவந்தார். மாமா அம்மாவின் தம்பி. பூச்செடி விற்கும் இடமொன்றில் வேலை செய்தார். ஆரஞ்சுத் தோடம்பழமளவில், பெரிய வெங்காயம் போன்ற பச்சைக் கிழங்கு, மண்ணுக்கு மேலேயே குந்தியிருந்தது. வறண்ட தேசத்துச் சாமானாம், தண்ணீரில்லாமல் மாதக்கணக்கில் கிடக்குமாம்.

"சமைச்சுப் போடாதேங்கோ அக்கா, நஞ்சு," என்றார்.

குளிர்காலத்தில் அதன் உச்சியிலிருந்து ஒரு கொடி கிளம்பி, ஜன்னல் திரைக் கயிற்றைப் பிடித்து ஏறியது. அப்பா அப்போது கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தார். கொடி திரைக் கம்பியைத் தொட்டால் அப்பா வந்துவிடுவார் என்று அம்மா நம்பத் தொடங்கினார். கடிதத்துக்குக் கடிதம் அது எவ்வளவு வளர்ந்தது என்று எழுதினார்.

கோடையில், கம்பிக்கு ஒரு சாண் கீழே, கொடி மஞ்சளாகிக் காய்ந்தது.

"அது நித்திரை கொள்ளுது அக்கா. தண்ணி விடாதேங்கோ," என்றார் மாமா.

"ஒரு உயிரைக் காயவிட்டிட்டு நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் அரிசி கழுவின தண்ணீர். மரக்கறி நாளான வெள்ளி தவிர்ந்த நாட்களில் மீன் கழுவின தண்ணீர். ஊரில் கறிவேப்பிலை அதற்குத்தான் செழித்ததாம். இங்கே அறை முழுக்க நாறியது.

ஒரு சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து வந்தபோது நாற்றமில்லை. மாமா வந்து போயிருந்தார். கிழங்கு கல்லுப்போல இருந்தது. ஆனால் முன்பொருநாள் நான் அதில் ஊசியால் கீறியிருந்த என் முதலெழுத்தைக் காணவில்லை. மாமா வேறு கிழங்கை வைத்துவிட்டார் என்று அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஓம், தெரியும். அது அழுகினதை நான்தான் போன கிழமை மண்ணால மூடி வைச்சனான். ஆசையாக் கொண்டந்தவன், கண்டால் மனம் நொந்துபோவான் எண்டுதான். எனக்குத் தெரியுமெண்டு நீ அவனிட்ட வாய் திறக்கப்படாது."

பின்னேரம் மாமா திரும்ப வந்து கிழங்கைக் காட்டினார். "பாத்தியளே அக்கா, நித்திரைதான்."

"ஓமடா தம்பி," என்ற அம்மா, அவருடைய தேத்தண்ணீரில் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டார். கள்ளம் செய்த ஆளுக்கு உபசாரம் வேறா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன்பின் அம்மா ஒரு சொட்டுத் தண்ணீரும் விடவில்லை. குளிர் தொடங்க, புதுக்கொடி முளைத்தது. அதே கிழமை, விசா இந்த முறையும் கிடைக்கவில்லை என்று அப்பாவின் கடிதம் வந்தது. அம்மா அன்றே பதில் எழுதினார். உறையை ஒட்டுமுன் அதைக் களவாக வாசித்தேன். 'எங்கட கொடி திரும்ப முளைச்சிட்டுது, யோசியாதேங்கோ' என்றிருந்தது.

அம்மாவும் பொய் சொல்கிறாரே என்ற கோபத்தோடு அதைக் கொண்டுபோய்த் தபால் பெட்டிக்குள் போட்டேன்.